தோலை ஒளித்து வைத்தது யார்?

‘செல்கி’ என்று சொன்னால் முதல் தடவை கேட்கிறவர்கள் "என்னது, செல்ஃபியா?" என்றுதான் கேட்பார்கள். செல்ஃபி இல்லை, செல்கி. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து என்று தீவுக் கூட்டங்கள் இருக்கின்றன. அங்கே கடல்நாயைச் செல்கி என்பார்கள். டிஸ்கவரி சேனலில் பாறைமேல் படுத்துக்கொண்டு பெரிய கறுப்புக் கண்ணால் கேமராவைப் பார்க்குமே சீல், அந்தப் பிராணிதான்.

அந்தத் தீவுக்காரர்களும், அயர்லாந்துக்காரர்களும், இன்னும் வடக்கே ஃபாரோ தீவுக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக ஒரு கதை சொல்லிவருகிறார்கள். சில கடல்நாய்கள் இரவில் கரைக்கு வரும். தோலைச் சட்டை மாதிரி கழற்றி வைத்துவிட்டு மனிதர்களாகி ஆடும். ஒரு இளைஞன் ஒளிந்திருந்து பார்க்கிறான். அழகான ஒருத்தியின் தோலை எடுத்து மறைத்துக்கொள்கிறான். விடியும்போது மற்றவை எல்லாம் தோலைப் போட்டுக்கொண்டு கடலுக்குள் போய்விட, இவள் மட்டும் கரையில் நிற்கிறாள். வேறு வழி? அவனோடு போகிறாள். கல்யாணம், சமையல், பிள்ளைகள். நல்ல மனைவி, நல்ல அம்மா என்று பேரும் எடுக்கிறாள். ஆனால் அவ்வப்போது கை வேலையை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்து நிற்பாள்.

பல வருஷம் கழித்து தோல் கிடைத்துவிடுகிறது. பல கதைகளில் அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவள் பெற்ற பிள்ளைதான். "அம்மா, பரண்ல என்னமோ பளபளன்னு இருக்கே, அது என்ன?" அவ்வளவுதான். அன்றைக்கே கடலுக்குப் போய்விடுகிறாள்.

ஃபாரோ தீவுகளில் மிக்லதலூர் என்று ஒரு சின்னக் கிராமம். அந்த ஊர்க் கதையில் கணவன் தோலைப் பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரிகிறான். ஒரு நாள் மீன்பிடிக்கப் போன இடத்தில் இடுப்பைத் தொட்டுப் பார்த்தால் சாவியைக் காணோம்! அடித்துப் பிடித்துத் திரும்பி வருவதற்குள் அவள் போய்விட்டாள். போகும் முன் அடுப்பை அணைத்து, கத்திகளை எல்லாம் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள். பிள்ளைகள் தனியாக இருக்குமே, சுட்டுக்கொள்ளக் கூடாது, வெட்டிக்கொள்ளக் கூடாது என்று. 2014-ல் அந்த ஊர்க் கடலோரப் பாறைமேல் அவளுக்கு இரண்டரை மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். கையில் தோலைப் பிடித்தபடி நிற்கிறாள். சிலையை விட அந்த அணைத்த அடுப்பும் எடுத்து வைத்த கத்தியும்தான் மனசில் நிற்கிற விஷயம்.

நம்மூரிலும் இதன் ஒன்றுவிட்ட தங்கச்சிக் கதை உண்டு. மதனகாமராஜன் கதையில் வரும் ஜெகதலப்பிரதாபன், குளத்தில் குளிக்கும் இந்திரலோகத்துப் பெண்ணின் சேலையை எடுத்து வைத்துக்கொள்வான். 1944-ல் பி.யு. சின்னப்பா நடித்து ‘ஜகதலப்பிரதாபன்’ படமாகவும் வந்து சக்கைப்போடு போட்டது. ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். நம் கதையில் சேலையை எடுத்தவன்தான் ஹீரோ. குளிர்தேசத்துக் கதையில் தோலை எடுத்தவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும், கோபமும் வரும், ஆனால் கதை அவனுடையது இல்லை. தோலைப் பறிகொடுத்தவளுடையது.

சரி, விஷயத்துக்கு வருவோம். காமயகவுண்டன்பட்டிக்கும் கடல்நாய்க்கும் என்ன சம்பந்தம்?

தெரியாதவர்களுக்கு: தேனி மாவட்டத்தில் கம்பத்துக்குப் பக்கத்து ஊர். பெயர் நீளமாக இருப்பதால் பஸ்காரர்கள் முதல் எல்லோருக்கும் கே.கே.பட்டி. தென்னை, வாழை, நெல், திராட்சைப் பந்தல். கடல் கிட்டத்தில் எங்கேயும் இல்லை. மேற்கே பார்த்தாலும் மலை, தெற்கே பார்த்தாலும் மலை. ஆனால் தண்ணீர் உண்டு. முல்லைப்பெரியாறு உண்டு, சுருளி அருவி பக்கத்திலேயே உண்டு, தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு உண்டு.

அந்த ஊர்ப் பெண் ஒருத்தி மதுரையில் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஒரு நாள் ராத்திரி விடுதி அறையில் நாலு பேர் ஒரே போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு கார்ட்டூன் படம் பார்த்தார்கள். டாம் மூர் இயக்கி 2014-ல் வந்த ‘சாங் ஆஃப் த ஸீ’. அயர்லாந்துப் படம். பேசாத ஒரு குட்டிப் பெண்ணும் அவளுடைய அண்ணனும். அம்மா செல்கி. பெட்டியில் பூட்டி வைத்த ஒரு வெள்ளைக் கோட்டு. அந்தக் குழந்தை அதைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கும் காட்சியில் மற்ற மூன்று பேரும் "சோ க்யூட்" என்றார்கள். இவள் எழுந்து வராண்டாவுக்குப் போய்விட்டாள். ஏன் அழுகிறாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. கார்ட்டூன் பார்த்து அழுதாள் என்று ஒரு வாரம் ஓட்டினார்கள்.

காரணம் மூன்றாம் நாள்தான் பிடிபட்டது, அதுவும் குளியலறை வாளியில் கையை விட்டபோது. கிணறு!

அவளுக்கு நீச்சல் தெரியும். தெரியும் என்றால் சும்மா இல்லை. அவளுடைய தாய்மாமன் தோட்டத்தில் பெரிய கிணறு. கருங்கல் கட்டுமானம், பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல், மேலே மோட்டார் ரூம். ஏழு வயசில் மாமா அவள் இடுப்பில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி உள்ளே தூக்கிப் போட்டார். நாலாம் நாள் கேனை அவிழ்த்துவிட்டார். ஒன்பது வயசில் மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்பாள். பத்து வயசில் அடியில் கிடக்கிற ஒரு ரூபாய்க் காசை முக்குளித்து எடுத்து வருவாள். உள்நீச்சலில் கிணற்றை இரண்டு தடவை குறுக்கே கடப்பாள், பையன்கள் மேலே நின்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். உள்ளே போனதும் மேல் சத்தம் எல்லாம் நின்றுபோகும். பச்சை வெளிச்சம். காதுக்குள் தன் சத்தம் மட்டும். பள்ளிக்கூடத்தில் அவள் சராசரி, வீட்டில் வாயாடி, தண்ணீருக்குள் மட்டும் அவள் வேற ஆள்.

பதின்மூன்று வயசில் பெரிய மனுஷி ஆனாள். சடங்கு தடபுடலாக நடந்தது. மாமா சீர் கொண்டுவந்தார், மேளம், தட்டு வரிசை, வீடியோ. எல்லோரும் ஆசையாகக் கன்னத்தை வழித்து திருஷ்டி கழித்தார்கள். பத்து நாள் கழித்து அவள் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அம்மா வாசலில் நின்றாள்.

"எங்க?"

"கிணத்துக்கு."

"இனி என்ன கிணத்துல குதிக்கிறது? நாலு பேரு பாத்தா என்ன சொல்வாங்க? துண்ட வையி."

துண்டை வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ரெண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள், மாமாவும் சிபாரிசு பண்ணிப் பார்த்தார். அம்மா அசையவில்லை. பிறகு அவளும் மறந்துபோனாள். மறந்துபோனதாகத்தான் நினைத்திருந்தாள். அம்மாவோடு எதற்கெடுத்தாலும் சண்டை வருவது மட்டும் அந்த வயசில் தொடங்கியது. போனில் பேசினாலும் மூன்றாவது நிமிஷம் சண்டை.

படம் பார்த்த பிறகு செல்கி பற்றித் தேடித் தேடிப் படித்தாள். செல்கி என்றால் பெண் மட்டும்தான் என்றும் இல்லை. ஷெட்லாந்தில் கேட்டு எழுதி 1852-ல் அச்சான ஒரு பழைய நாட்டுப்பாடலில் வருவது ஆண் செல்கி. அவன் தன் பிள்ளையைத் தேடிக் கரைக்கு வருகிறான். வடக்கு யூயிஸ்ட் தீவில் மக்காட்ரம் என்ற குடும்பத்தாரையே கடல்நாய் வம்சம் என்பார்களாம். தோல் படகில் வந்த வடதேசத்து மனிதர்களைப் பார்த்துத்தான் இந்தக் கதை பிறந்தது என்று ஒரு கட்சி. கடல்நாயின் கண்ணும் அழுகைச் சத்தமும் மனுஷத்தனமாக இருப்பதே போதும் என்று இன்னொரு கட்சி.

க்ளாரிஸா பின்கோலா எஸ்டெஸ் என்ற அமெரிக்க மனநல நிபுணர் ஒருவர். 1992-ல் வெளிவந்து சக்கைப்போடு போட்ட அவருடைய புத்தகத்தில் இந்தக் கதைக்கு ஒரு முழு அத்தியாயம். அந்தத் தோல் பெண்ணின் ஆன்மா என்கிறார் அவர். அது இல்லாமல் ரொம்ப நாள் இருந்தால் உடம்பு வறண்டுபோகும், நடை தடுமாறும், கண் மங்கும். வீட்டுக்குத் திரும்ப வேண்டும், வீடு என்றால் கணவன் வீடும் இல்லை, அப்பா வீடும் இல்லை, தனக்குள் இருக்கிற ஒன்று. இந்த மாதிரி விளக்கங்களில் ஒரு ஆபத்து உண்டு. எந்தப் பழைய கதையை எடுத்தாலும் "இது உன் மனசைப் பற்றியது" என்று முடித்துவிடலாம். ஆர்க்னி மீனவனுக்குக் கடல்நாய் சில நேரம் வெறும் கடல்நாய்தான், வலையைக் கிழிக்கிற சனியன். இருந்தாலும் இரவு பதினொரு மணிக்கு விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கிற பெண்ணுக்கு அது நேராகத் தைத்தது. தோல் இருக்கிறது. ஒளித்து வைத்தவர் இருக்கிறார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கே.கே.பட்டியில் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருக்கிறார்!

இப்படி அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தபோதுதான் கல்லூரித் தமிழ்ப் பாடத்தில் சிலப்பதிகாரம் வந்தது. அதை நடத்தும்போது சிலம்பு கழி நோன்பு என்ற ஒன்றும் வந்தது.

சங்க காலத்தில் சின்னப் பெண்கள் காலில் சிலம்பு போட்டிருப்பார்கள். கல்யாணத்தின்போது அதைக் கழற்றுவதற்கென்றே ஒரு சடங்கு. அதற்குத்தான் சிலம்பு கழி நோன்பு என்று பெயர். அகப்பாடல்களில் இந்தச் சடங்கு வருகிறது. மகள் காதலனோடு போய்விட்டால், தாய்க்கு இருக்கிற பெரிய வருத்தங்களில் ஒன்று இந்த நோன்பைத் தன் வீட்டில் செய்ய முடியாமல் போனதே என்பது. அதாவது பிடுங்கவில்லை, திருடவில்லை. பூவும் நெல்லும் தூவி, சொந்தக்காரர்கள் சூழ்ந்து நிற்க, ஆசையாகக் கழற்றினார்கள்.

இதைப் படித்ததும் அவளுக்குத் தன் சடங்கு வீடியோ ஞாபகம் வந்தது. அதில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவளும்தான்.

செல்கி கதையில் திருடன் என்று ஒருவன் இருப்பது ஒரு வகையில் சௌகரியம். சாவியைத் திருப்பித் திருடிவிடலாம். அன்பாகக் கழற்றியதை எப்படித் திருப்பிக் கேட்பது? யாரிடம் கேட்பது?

கண்ணகியையும் இந்த ஒளியில் பார்த்தால் கதை வேறு மாதிரி தெரிகிறது. கோவலன் மாதவி வீட்டோடு இருந்த காலத்தில் கண்ணகி காலில் சிலம்பு இல்லை. பிரிவுத் துயரத்தில் நகை எதையும் அணியாமல் இருந்தாள் என்பது இளங்கோ சொல்லும் காரணம். சிலம்பு வீட்டில் சும்மா கிடக்கிறது. எல்லாம் தொலைத்துவிட்டு அவன் திரும்பி வந்து நிற்கும்போது அவள் திட்டவில்லை. சிரித்த முகத்தோடு, சிலம்பு இருக்கிறது எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். தன் கையாலேயே கொடுத்துவிடுகிறாள். ஒன்று அவனோடு போய் அரண்மனையில் மாட்டிக்கொள்கிறது. மிச்சம் இருந்த ஒன்றை ஏந்திக்கொண்டு போகும்போதுதான் அந்த அமைதியான பெண் யார் என்று ஊருக்குத் தெரிகிறது. அரசி சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். அதைக் காட்ட அவள் சிலம்பை உடைக்க வேண்டியிருந்தது. செல்கிக்காவது தோல் முழுசாகக் கிடைத்தது.

அதற்கப்புறம் நடந்ததில் பாடப்புத்தகம் ரொம்ப நேரம் நிற்பதில்லை. தேர்வுக்கு வழக்குரை காதையோடு முடித்துக்கொள்வார்கள். ஆனால் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு அதற்கப்புறம்தான் முக்கியம். மதுரை எரிந்த பின் அவள் பூம்புகாருக்குத் திரும்பவில்லை. மேற்கு வாசல் வழியாக வெளியேறி, வைகைக் கரையோடு மேற்கே நடந்து, மலை ஏறி, ஒரு வேங்கை மரத்தடியில் வந்து நின்றாள். கோவலன் இறந்த பதினான்காம் நாள் அவனோடு வானுலகம் போனாள். பார்த்தவர்கள் மலைக்குறவர்கள். அவர்கள்தான் அவளைத் தெய்வம் என்று முதலில் கும்பிட்டார்கள், சேரன் செங்குட்டுவனிடம் போய்ச் சொன்னதும் மலைவாசிகள்தான்.

அந்த இடம் என்று கும்பிடப்படுவது கூடலூருக்கு மேலே, தமிழ்நாடு கேரள எல்லையில், வண்ணாத்திப்பாறை மலை உச்சியில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில். தமிழறிஞர் சி. கோவிந்தராசனார் சிலப்பதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணகி நடந்த வழியைத் தேடி நடந்து, 1963-ல் இதுதான் கண்ணகி கோட்டம் என்று கண்டு சொன்னார். பெரியார் புலிகள் காப்பகத்துக் காட்டுக்குள் இருப்பதால் பொதுமக்களுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அனுமதி, சித்திரா பௌர்ணமி. தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் பேசி ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போகலாம். லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் ஏறினால் ஆறரை கிலோமீட்டர் சொச்சம், ஏற்றம்.

2025-ல் சித்திரா பௌர்ணமி மே 12, திங்கட்கிழமை. லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாள். அம்மாவுக்கு ஒரு வேண்டுதல், மாமா துணைக்கு, இவள் வேண்டாவெறுப்பாக. மூன்று பேரும் விடியற்காலையில் பளியன்குடியில் ஏறத் தொடங்கினார்கள்.

ஏற ஏற கே.கே.பட்டிப் பக்கம் கீழே போய்க்கொண்டே இருந்தது. பாதி தூரத்தில் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். ஐம்பது வயசை நெருங்குகிற ஆள், இருமல் இல்லை, இளைப்பு இல்லை.

"என்ன மாமா, அம்மா இந்த ஏறு ஏறுது?" என்று கேட்டாள்.

"உங்கம்மாவுக்கு மூச்சு அப்படி. கிணத்துல உள்ள போனா வெளிய வரவே வராது. நாங்க மேல நின்னு அழுவோம், அக்கா செத்துப் போச்சுன்னு."

"எந்தக் கிணத்துல?"

"எந்தக் கிணத்துலயா? நம்ம கிணத்துலதான். எனக்கு யாரு நீச்சல் பழக்குனதுன்னு நினைச்ச? உங்கம்மாதான் சுரைக்குடுக்கையக் கட்டித் தூக்கிப் போட்டுச்சு. அது எனக்குப் பழக்குனதத்தான் உனக்கு நான் பழக்குனேன்."

அவளுக்குப் பேச்சே வரவில்லை. யாராவது நீச்சல் பற்றிப் பேசினால் அம்மா, "எனக்குக் கடப்பாரை நீச்சல்தான் தெரியும்" என்று சொல்லிச் சிரிப்பாள். இத்தனை வருஷமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

"அப்புறம் ஏன் விட்டுச்சு?"

மாமா அவளை ஒரு மாதிரி பார்த்தார். "நீ ஏன் விட்ட?"

மேலே கோயில். கோயில் என்றால் கோபுரம் எதிர்பார்த்துப் போகக் கூடாது. சரிந்த கருங்கல் சுவர்கள், சுற்றிப் புல்வெளி, காற்று. அந்த ஒரு நாளைக்கு அலங்காரம், பூ, பொங்கல், இரண்டு மாநிலப் போலீஸ், மலையாளமும் தமிழும் கலந்த கூட்டம். பெண்களுக்கு வளையலும் மங்கல நாணும் பிரசாதமாகக் கொடுத்தார்கள். வளையலை உடைத்துவிட்டு மலையேறியவள் பெயரால் வளையல்! அம்மா அதை பயபக்தியோடு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேரும் விளிம்புப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை.

சண்டை போடத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு கேள்வி.

"அம்மாச்சியா நிறுத்துச்சு?"

அம்மாவுக்கு எதைக் கேட்கிறாள் என்று உடனே தெரிந்துவிட்டது. மாமாவை முறைத்தாள். பிறகு, "ஆமா. சடங்கு முடிஞ்ச மறுநா. துண்டப் பிடுங்கி அடுப்புல போட்டுச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் உன் துண்ட அடுப்புல போடல. வையின்னு சொன்னேன். வச்சிருக்கேன்" என்றாள்.

வைத்திருக்கிறாளாம். ஏழு வருஷமாக. பூப்போட்ட மஞ்சள் துண்டு, பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில்.

இந்த இடத்தில் செல்கி கதை அவளுக்குக் கலைந்துபோனது. திருடன் என்று நினைத்த ஆளின் தோலும் எங்கேயோ கிடக்கிறது. அம்மாச்சியிடம் கேட்டால் அவளுடைய அம்மாவைக் கை காட்டுவாள். போய்க்கொண்டே இருக்கும். "தோல் கிடைத்தால் செல்கி போய்விடுவாள்" என்ற பயமும் எல்லா வீட்டிலும் இருக்கிறது போல. கிணற்றில் இறங்கினால் பெண் எங்கே போய்விடுவாள்? ஆனால் அம்மா உண்மையிலேயே பயந்தது கிணற்றுக்கு இல்லை, கிணற்றைச் சுற்றி நின்று பார்க்கிற நாலு பேருக்கு. அந்த நாலு பேரில் ஒருவர்கூட இன்றைக்கு ஊரில் இருக்கிறார்களா என்று யோசித்தால் சந்தேகம்தான். ஒருவர் திருப்பூர், ஒருவர் செத்துப்போனார்...

இறங்கும்போது ரொம்பப் பேசிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் கம்பம் வந்ததும், "செல்கின்னு ஒரு கதைம்மா" என்று ஆரம்பித்தாள். கே.கே.பட்டி வருவதற்குள் முடித்துவிட்டாள். அம்மா முழுசாகக் கேட்டாள். அவளுக்குப் பிடிக்கவில்லை. "பிள்ளைகள விட்டுட்டுப் போனாளா? என்ன ஜென்மம்?" என்றாள். பிறகு பஸ் நின்று இறங்கும்போது, "அடுப்ப அணைச்சுட்டுப் போனான்னு சொன்னேல்ல... அது சரி" என்றாள்.

மறுநாள் மத்தியானம். வெயில் காலம், கிணற்றில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனால் நீந்துவதற்குக் குறைவில்லை. இவள் மஞ்சள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனாள். பின்னால் அம்மா, நைட்டிக்கு மேல் மாமாவின் பழைய முழுக்கைச் சட்டை. அதற்கும் பின்னால், யார் சொன்னார்களோ, கம்பை ஊன்றிக்கொண்டு அம்மாச்சி.

மாமா மோட்டார் ரூம் கதவைப் பூட்டிக்கொண்டு, பையன்களைத் தோட்டத்தின் அந்தப் பக்கம் விரட்டினார். அம்மா முதல் படிக்கல்லில் கால் வைத்தாள். எடுத்தாள். "பாசி பிடிச்சுக் கெடக்கு, வழுக்கும்" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி வைத்தாள்.

அம்மாச்சி கிணற்று மேட்டில் மெதுவாக உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"ஏய், கொலுசக் கழட்டிக் குடுத்துட்டு எறங்குடி. கல்லுல மாட்டிக்கும்."

அம்மா குனிந்து கழற்றினாள். இடது கால் திருகு துருப்பிடித்ததுபோல் இறுகியிருந்தது, கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டையும் மகள் கையில் கொடுத்தாள். வெயிலில் நடந்து வந்ததால் வெள்ளி சூடாக இருந்தது.

பிறகு படியில் இறங்கவே இல்லை. முதல் கல்லிலிருந்தே தலைகீழாகப் போனாள். மாமா எண்ணத் தொடங்கினார். ஒண்ணு, ரெண்டு, மூணு...